நான் பார்த்து வாங்கிய பார்பிக்யூ சாஸ்

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே முக்கால் மணி. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேகம் என்று சொல்ல வானத்தில் ஒன்றும் இல்லை. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மளிகைக் கடையில், சாஸ் பாட்டில்கள் அடுக்கிய அலமாரியின் முன்னால் நான் நின்றிருந்தேன். கடைக்குள் ஏசி ஓடியது. அப்படியும் எனக்கு வியர்த்தது. வெளியே வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்தது ஒரு கவலை. பூட்டினேனா என்பது இன்னொரு கவலை.

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு, "சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க சார், புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு உதவும்" என்று கேட்டார்கள். உணவு ஆய்வாளராக முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சாயம் ஏற்றிய பருப்பு, கலப்பட எண்ணெய் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள். என்னால் மறக்க முடியாத கேஸ் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன நேரத்தில், அந்த அலமாரி முன்னால்தான் தொடங்கியது. வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் கலைவாணி, எங்களுக்குக் கலா. அவள் கணவர் குமரவேலுக்குத் திருவேட்டக்குடியில் வீடு; விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். நல்ல வேலைக்காரர், மோசமான குடிகாரர். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகும் ஊர் எங்கள் ஊர். இங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் கலா தன் மகள் மீனுவோடு கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2024 ஜூலையில் குமரவேல் தானாகவே மருத்துவமனைக்குப் போனார். தினமும் காலையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். யாராவது பொறுப்பானவர் முன்னால் விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "மாமா முன்னாடியே போட்டுக்குறேன்" என்றார் குமரவேல். தினமும் ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு கேட்டருகே பைக்கை நிறுத்துவார். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டுவார். நான் குனிந்து, நாக்குக்கு அடியில் உட்பட, பார்ப்பேன். நாற்பது வயது மனிதர். நான் ஒருநாளும் 'போதும் மாப்ள, காட்ட வேண்டாம்' என்று சொன்னதில்லை.

குடி என்றால் பிராந்திக் கடை மட்டும் அல்ல, இருமல் மருந்தும் முகத்தில் தடவும் தைலமும்கூடச் சேர்த்திதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதையெல்லாம் படித்துச் சொல்லும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு இருமல் மருந்தைத் தள்ளுபடி செய்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. பதினோரு மாதம் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஜூன் 8 மீனுவுக்குப் பத்தாவது பிறந்தநாள். கலா சொன்னாள்: "அப்பா, அன்னைக்கு அவரையும் அத்தையையும் கூப்பிடப் போறேன். நான் பெட்டியத் தூக்கிட்டு வந்தத பாத்த அத்தன பேரும் வரட்டும். மறுநாள் காலைல நானும் மீனுவும் அவரோட கெளம்புறோம்." என் மகளின் குடித்தனம் ஊர் பார்க்கத் திரும்பப் போகும் நாள் அது. மீனு கேட்டது ஒன்றே ஒன்று. மொட்டை மாடியில் கரி அடுப்பு, கிரில் சிக்கன், கடையில் கொடுப்பது போல் மேலே பளபளவென்று சாஸ். எதிர்வீட்டு ஜெயராமன், மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சுடுவதற்கு ஒப்புக்கொண்டார். "கோழிய எங்கிட்ட விடுங்க. சாஸ மட்டும் நீங்க பாத்து வாங்கியாந்துடுங்க. உங்கள விட்டா யாரு சார் இருக்கா?"

அப்படித்தான் நான் அந்த அலமாரி முன்னால் நின்றேன்.

அங்கே ஐந்து வகை பார்பிக்யூ சாஸ் இருந்தது. முதல் பாட்டிலின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் 'சர்க்கரை' என்று தொடங்கியது. எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. அது சாஸ் அல்ல, பாகு. வைத்துவிட்டேன். இரண்டாவதில் கழுத்துப் பக்கம் நீர் பிரிந்து நின்றது. மூன்றாவதற்குக் காலாவதியாக இருபத்தைந்து நாள்தான் பாக்கி. நான்காவதில் தயாரித்தவர் முகவரி பாதிதான் இருந்தது. தெருப் பெயர் இல்லாத முகவரி முகவரியே அல்ல. ஐந்தாவது வெளிநாட்டுச் சரக்கு, கண்ணாடி பாட்டில். முன்பக்கத்தில் அந்த நாட்டு எழுத்தும் ஒரு மரப் பீப்பாய்ப் படமும் இருந்தன. பீப்பாயில் ஊற வைப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பக்கத்தில் இறக்குமதி செய்தவரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட ஸ்டிக்கரில்தான் திருட்டுத்தனம் நடக்கும். பழைய தேதியை மறைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் ஓரத்தைத் தடவினேன். மறைக்கவில்லை. உரிம எண், முழு முகவரி, இறக்குமதியான மாதம், நிகர எடை, பச்சைப் புள்ளி எல்லாம் சரியாக இருந்தன. பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருந்தது. முதல் சொல் தக்காளி. திருப்தி.

"சார் படிக்கிறத பாத்தா பரீட்சைக்குப் போறாப்ல இருக்கு" என்றாள் அடுக்கிக்கொண்டிருந்த பெண்.

"பரீட்சை வச்ச ஆளும்மா நான்."

"அப்ப நீங்களே மார்க் போடுங்க. அதுல நூறு ரூபா ஆஃபர் ஓடுது."

485 ரூபாய் பாட்டில். தள்ளுபடி போக 385.

இந்தப் படிப்பை நான் எங்கே கற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்ததும் மூன்று மாதம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கற்றதெல்லாம் என் மேலதிகாரி தேவசகாயத்திடம். அவரை எனக்குப் பிடிக்காது. யாருக்கும் பிடிக்காது. அறைக்குள் நாம் நுழைந்தால், எதிர் நாற்காலியில் தன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்து வைப்பார். நாம் உட்காரக் கூடாது என்பதற்காக. குரலை உயர்த்தவே மாட்டார்.

மாதிரி எடுப்பதில் அவருக்கு ஒரு நூல் பிசகக் கூடாது. முதலில் கடைக்காரருக்கு நோட்டீஸ். பிறகு விலை கொடுத்து வாங்க வேண்டும், ஒரு ரூபாய்ப் பொருளாக இருந்தாலும். சரக்கை மூன்றாகப் பிரித்து, உலர்ந்த பாட்டிலில் அடைத்து, தடித்த தாளில் சுற்றி, சணல் நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுகளின் மேல் அரக்கு வைத்து முத்திரை. சாட்சி கையெழுத்து. அலுவலகம் திரும்பியதும் தேவசகாயம் ஒவ்வொரு அரக்கையும் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்ப்பார். பெயர்ந்தால் அன்றைய வேலை முழுவதும் தண்டம். லேபிள் என்றால் சட்டம் கேட்பது எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார். முப்பத்து மூன்று ஆண்டுகள் அப்படியே பார்த்தேன். அன்றும் அப்படியே பார்த்தேன். சட்டத்துக்கு வேண்டியதை முழுவதும் பார்த்தேன். என் மாப்பிள்ளைக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அதைத் தேடவே இல்லை. இருமல் மருந்தில் தேடியவன், சாஸில் தேட வேண்டும் என்று தோன்றாதவனாக இருந்தேன்.

மாலை ஏழு மணிக்கு மாடியில் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். காற்று தணிந்திருந்தது. ஜெயராமன் கோழியைப் புரட்டிப் புரட்டிச் சுட்டு, இறக்கப் போகும் நேரத்தில் பிரஷால் சாஸைத் தடவினார். மீதியைத் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தோம். குமரவேல் புதுச் சட்டையில் வந்திருந்தார். கூட அவர் அம்மா. குமரவேல் யாருடனும் அதிகம் பேசவில்லை; மீனு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தாள். நடுவில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுக்கக் கீழே பைக் வரைக்கும் போய்வந்தார்.

தட்டை வாங்கியவர் சாப்பிடாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமா, இந்த சாஸு... பாத்துட்டீங்களா?"

"நான் பாக்காமயா மாப்ள? தைரியமா சாப்பிடுங்க."

ஜெயராமன் அடுப்படியிலிருந்து, "அவரு பாத்தா பாத்ததுதான் தம்பி. ஒங்களயே பின்னாடி திருப்பித் தேதி பாத்துட்டுத்தானே பொண்ணு குடுத்தாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குமரவேலும் சிரித்தார். கலா சிரித்ததை நான் பார்த்தேன். வெகுநாள் கழித்துப் பார்த்தேன். அப்பாவும் மகளும் ஒரே கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். குமரவேலின் கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு முகம். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றாயின. சட்டை முதுகில் ஒட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் என் மகள் வாசலில் காத்திருந்து பார்த்த முகம் அது. மாத்திரை போட்டவர் குடித்தால் இப்படித்தான் ஆகும் என்றும் தெரியும். கீழே போய்வந்தது நினைவுக்கு வந்தது. எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

"குடிச்சிருக்கான்!" என்று கத்தினேன். "கீழ போனப்பவே நெனச்சேன். பைக்ல வச்சிருந்திருக்கான். எம்பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்த அன்னைக்கே குடிச்சிருக்கான் பாருங்க!"

கல்யாணமான நாளிலிருந்து, அவர் எவ்வளவு குடித்து வந்தபோதும், நான் அவரை 'வாங்க, போங்க' தவிர வேறு விதமாகப் பேசியதில்லை.

"இல்லீங்க மாமா... குடிக்கலீங்க..." என்றார். சுவரோரம் வாந்தி எடுத்தார். மூச்சு வாங்கியது.

அவர் அம்மா என் கையைப் பிடித்தார். "சம்பந்தி, புள்ள முன்னாடி வேணாம். கும்புடுறேன்."

நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஜெயராமனும் சம்பந்தியம்மாவும் குமரவேலை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோக்காரருக்கு நூற்றைம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன், கூடப் போகவில்லை. வந்தவர்கள் போவதா இருப்பதா என்று தெரியாமல் தட்டும் கையுமாக நின்றார்கள். கலா மீனுவை அணைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் பெட்டி கீழே கட்டித் தயாராக இருந்தது. அதைத் திரும்பப் பிரிக்க வேண்டுமே என்றுகூட நான் கவலைப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குமரவேலின் அம்மா கலாவின் போனில் கூப்பிட்டார். கலா ஸ்பீக்கரில் போட்டாள். "டாக்டரம்மா கேக்குறாங்க, அவன் தின்ன சாஸுல என்னென்ன இருக்குன்னு. பாத்துச் சொல்லும்மா."

கலா பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியை மாட்டி, செல்போன் வெளிச்சத்தில், பழைய வழக்கப்படி கணீரென்று படித்தேன். "தக்காளிக் கூழ். சர்க்கரை. வினிகர். கரும்புப் பாகு. உப்பு. வெங்காயத் தூள்." அடுத்த சொல்லில் என் குரல் நின்றுவிட்டது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?" என்றாள் கலா. "படிங்க."

"விஸ்கி" என்றேன். பக்கத்தில் சதவீதமும் போட்டிருந்தது. சட்டப்படி போட வேண்டும். போட்டிருந்தார்கள்.

போனில் டாக்டரின் குரல் கேட்டது: "அதேதான். சில பேருக்கு இவ்ளோ போதும். நல்லா தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டிருக்காரு."

கலா பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி ஒரு பையில் போட்டாள். கீழே போய்ப் பெட்டியை எடுத்தாள். மறுநாள் காலை கிளம்ப வேண்டியவள் அப்போதே மீனுவோடு கிளம்பினாள். கேட்டருகே நின்று என்னிடம் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை: "தெனம் ஒங்க முன்னாடி வாயத் தொறந்து காட்டினாருப்பா. பதினோரு மாசம். இன்னைக்கும் ஒங்களக் கேட்டுட்டுத்தான் சாப்பிட்டாரு."

குமரவேல் இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் பஸ் ஏறித் திருவேட்டக்குடி போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "தெரியாம நடந்தது மாமா. விடுங்க" என்றார். நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கலா விடவில்லை.

"அவரு விட்டுட்டாரு. ஊர் விடலப்பா. பொறந்தநாளுக்கு வந்து மாமனார் வீட்டுலயே குடிச்சிட்டு விழுந்தான்னு பேசுறாங்க. ரெண்டு படகுக்காரங்க இன்ஜின வேற ஆளுகிட்ட குடுத்துட்டாங்க. குடிகாரங்கிட்ட ஒப்படைச்சா நடுக்கடல்ல நிக்கணுமேன்னு பயம். நீங்க இங்க வந்து சொன்னது இந்த அறைக்குள்ளதான் இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அம்பகரத்தூர் ஞாபகம் வந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. அம்பகரத்தூர் கடைத்தெருவில் ஒரு பால்காரரை நிறுத்தி, பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கும் லாக்டோமீட்டரை மிதக்க விட்டேன். அளவு இறங்கிக் காட்டியது. "தண்ணி! ஊருக்கே தண்ணி விக்கிற!" என்று டீக்கடைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி கத்தினேன். மாதிரி எடுத்தது போகப் பதினான்கு லிட்டரையும் சாக்கடையில் கொட்டினேன். ஆய்வு முடிவு வந்தது: தண்ணீர் இல்லை. கொழுப்பு மிகுந்த எருமைப் பால். கொழுப்பு ஏறினாலும் அளவு இறங்கும். எனக்கு அது பாடத்தில் இருந்தது.

தேவசகாயம் கேரியரை நாற்காலியில் வைத்தார். "எங்க சொன்னீங்க?"

"கடைத்தெருவுல சார்."

"அங்கயே போய்ச் சொல்லுங்க. யார் முன்னால சொன்னீங்களோ அவங்க முன்னால. எந்தக் குரல்ல சொன்னீங்களோ அந்தக் குரல்ல."

மறுநாள் காலை அவரே ஜீப்பில் கூட வந்தார். இறங்கவில்லை. நான் டீக்கடை முன்னால் நின்று, "இவர் பால் சுத்தமான பால். நான் சொன்னது தப்பு" என்றேன். ஜீப்புக்குள்ளிருந்து, "கேக்கல" என்று குரல் வந்தது. மறுபடி சொன்னேன். "கேக்கல." மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினேன். பால்காரர் தலை குனிந்து நின்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. கொட்டிய பாலுக்கு நாற்பத்திரண்டு ரூபாய் என் பையிலிருந்து கொடுத்தேன். தேவசகாயத்தை அதன் பிறகு பல ஆண்டுகள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, அதே மாடி, அதே நேரம். ஜூன் 8 அன்று வந்தவர்களை வீடு வீடாகப் போய் மறுபடி அழைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்டவர்கள் அனைவரும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மூன்று பேர் வரவில்லை. அந்த மூன்று வீட்டுக்கும் மறுநாள் போய் வாசலில் நின்றே சொன்னேன்.

மாடியில் தட்டு கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மாப்பிள்ளை குடிக்கல. நான் வாங்கின சாஸுல விஸ்கி இருந்துது. அவரு எங்கிட்ட கேட்டாரு. நான் பாத்துட்டேன்னு சொன்னேன். நான் பாக்கல." பாதியிலேயே குரல் கம்மியது. யாரும் 'கேக்கல' என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். நானே மறுபடி, முதலிலிருந்து, அன்று கத்திய அளவுக்குக் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். குமரவேலின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குமரவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஜெயராமன் தட்டுகளை நீட்டினார். இந்த முறை உப்பு, மிளகு, எலுமிச்சம்பழம்; வேறொன்றும் இல்லை. குமரவேல் தன் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று நின்ற அதே இடம்.

"மாமா, பாத்துட்டீங்களா?"

அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"நான் பாக்கல மாப்ள" என்றேன். "கலா பாத்துட்டா."

அவர் சாப்பிட்டார்.

மாத்திரையை இப்போது கலா முன்னால் போட்டுக்கொள்கிறார். வாயைத் திறந்து காட்டச் சொல்வதில்லையாம். படகுக்காரர்களில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார். மற்றவர் இன்னும் வரவில்லை. நான் ஏழு மணிக்குக் கேட்டருகே போய் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

இந்தக் கேஸில் என் பையிலிருந்து போனது: தள்ளுபடி போக சாஸ் 385, ஆட்டோ 150, இரண்டாம் முறை கோழி 1,680, கரி 200, பரோட்டா 720, மிளகும் எலுமிச்சையும் 140, தண்ணீர் கேன் 70, நாற்காலி வாடகை 180, பஸ் கட்டணம் 96. ஆக மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று இருபத்தொரு ரூபாய்.